அம்மாவின் அறை

அம்மா அறைத் தரைக்கு ஒரு வழியாக ஆத்தங்குடிக் கல் பதித்தாகிவிட்டது. சூளையில் சுடாத கல் இது. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். அந்த மினுமினுப்பு கண்ணாடி தந்தது. கைவேலை என்பதால் ஒரு பூவைப் போல இன்னொரு பூ இருக்காது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்புறம் சுவர். பட்டி பார்க்க வந்த பெயின்டர் அண்ணன், கதவு நிலையை ஒட்டி இருந்த பென்சில் கோடுகளைப் பார்த்ததும் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார். நானும் தங்கையும் வளர வளர அப்பா போட்ட கோடுகள். "இதை விட்டுடலாம் தம்பி" என்றார்.

அந்த ஒரு சாண் அகலம் மட்டும் பழைய சுண்ணாம்பாகவே இருக்கிறது. நேற்று சாயங்காலம் அம்மா அதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.