உப்புத் தண்ணீரும் ஒரு பழைய ட்ரெய்லரும்: மெல்பர்ன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, 2025, சனி

படகு 4.3 மீட்டர் அலுமினியம். விற்றவர் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதைச் சுமந்து நிற்கிற ட்ரெய்லரைப் பற்றிக் கேட்டதற்கு, "அதுக்கென்ன, ஓடுது" என்பதோடு சரி. சட்டம் முழுக்கப் புதிதாக வெள்ளிப் பெயிண்ட். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த சட்டத்துக்குப் பெயிண்டே தேவையில்லை. அப்படியும் ஒருவர் அடித்திருக்கிறார் என்றால் அடியில் மறைக்க ஏதோ இருக்கிறது. அதைக் கணக்கில் வைத்துத்தான் விலை பேசினோம். "பேசினோம்" என்றால் நானும், பாதிப் பங்கு போட்ட பக்கத்துத் தெரு அண்ணையும். அவர் பருத்தித்துறைக்காரர், படகு என்றால் அவர் சொல்வதுதான் சட்டம். ட்ரெய்லர் என் பொறுப்பு.

இன்று படகை இறக்கிப் பழைய டயர்கள் மேல் வைத்தாகிவிட்டது. அப்புறம் சுத்தியலோடு கீழே படுத்தேன். நல்ல இரும்பு தட்டினால் கணீர் என்கிறது, உளுத்த இடம் தொப் என்கிறது. நடுக் குறுக்குச் சட்டத்தின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன்; பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது கூடவே ஒரு கைப்பிடித் துரு கொட்டியது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குறுக்குச் சட்டம் ஏன் உள்ளிருந்து அரித்தது என்று புரிந்துவிட்டது. அது பெட்டி வடிவக் குழாய். ஒவ்வொரு முறை படகு இறக்கும் சரிவுத் தளத்தில் தண்ணீருக்குள் இறங்கும்போதும் மூட்டு வழியே கடல்நீர் உள்ளே போகிறது. வெளியேற அடியில் இருந்த ஓட்டையை மண்ணும் பழைய பெயிண்டும் அடைத்துவிட்டன. வெளியே எவ்வளவு கழுவினாலும் அந்த உப்பு அங்கேயேதான் கிடக்கும்.

அண்ணை, "வெல்டிங் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் இருக்கிறான் தம்பி, கூப்பிடட்டோ?" என்றார். வேண்டாம் என்றேன். துத்தநாகப் பூச்சு மேல் அப்படியே வெல்டு வைத்தால் கிளம்புகிற புகை காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும். பூச்சைச் சுரண்டிவிட்டு வைத்தால் அந்த மூட்டில்தான் அடுத்த துரு தொடங்கும். உளுத்ததை கிரைண்டரால் அறுத்து எறிந்துவிட்டு, போல்டு போட்டு மாட்டும் கால்வனைஸ், அதாவது துத்தநாகம் பூசிய, குறுக்குச் சட்டம் வாங்கப் போகிறேன். ஒரு பக்கம் திறந்த 'சி' வடிவம் கிடைத்தால் நல்லது. தண்ணீர் தங்காது, உள்ளே கை விட்டுக் கழுவலாம்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று ஹப்கள், அதாவது பேரிங் உட்காரும் சக்கரக் குடங்கள்.

இடது பக்க மூடியைத் தட்டிக் கழற்றினால் உள்ளே கிரீஸ் பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்த கிரீஸ் அப்படித்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கிற காற்றும் சூட்டில் விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த கடலில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். படகு ட்ரெய்லர் பேரிங்குகள் பாதி சாவது சாலையில் இல்லை, சரிவுத் தளத்தில்தான்.

நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்தேன், நட்டைக் கழற்றினேன், வெளிப் பேரிங் கையோடு வந்தது. உருளைகளில் சிறு சிறு குழிகள். வளையத்தில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படித்தேன்: எல்எம் 12749. உள் பேரிங் எல் 68149. இந்த ஊரில் எல்லோரும் ஃபோர்டு பேரிங் என்று கேட்டு வாங்கும் ஜோடி இது. ஹோல்டன் என்ற இன்னொரு கார் பெயரில் கேட்கும் ஜோடியின் எண்கள் வேறு, அளவும் வேறு. இந்த எண்களோடு போனால் கடையில் பேச்சு வளராது.

பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஹப்புக்குள் இருக்கிற பழைய வெளி வளையத்தை விட்டுவைப்பவர்கள் உண்டு. அது சோம்பேறித்தனம். குழி விழுந்த வளையத்தில் புது உருளைகள் ஓடினால் அவையும் சீக்கிரமே குழி விழும். பித்தளைக் கம்பியை வைத்து வளையத்தை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புது வளையங்களை ராத்திரியே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். குளிரில் சற்றே சுருங்கும், ஹப்புக்குள் முரண்டு பிடிக்காமல் இறங்கும். காலையில் கறிவேப்பிலைப் பொட்டலம் எடுக்கப் போன மனைவி, "இது என்ன, இதையும் தாளிக்கணுமா?" என்று கேட்டாள்.

உள்ளங்கையில் ஒரு உருண்டை மரைன் கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மேல் பக்கம் உருளைகளுக்கு இடையே கிரீஸ் புழு மாதிரி எட்டிப் பார்க்கிற வரை. சுற்றிப் பூசிவிட்டால் போதும் என்பது ஏமாற்று வேலை. உள்ளே காய்ந்தே இருக்கும். ஹப்புக்குள் இருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவினேன், ஏனென்றால் இரண்டு வகை கிரீஸ் கலந்தால் சில சமயம் இளகி ஓடிவிடும்.

நட்டை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கி, புது ஸ்பிளிட் பின். பழைய பின்னைத் திரும்பப் போடுவதில் மிச்சமாகிற காசு சில்லறைதான்.

ஆகஸ்ட் 20, புதன்

வேலை முடிந்து வந்து டயர் பார்த்தேன். பள்ளம் புதுசு போல இருக்கிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம்: 2614. அதாவது 2014-ன் 26-வது வாரம். விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறது. வெயிலில் நின்றே வயதான டயர். இரண்டையும் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே துரு பொங்கி, பட்டைகள் ஒன்றை ஒன்று விலக்கி நின்றன. இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். யு-போல்டு நட்டுகள் சாவிக்கு அசையவில்லை, அறுத்தேன். புது கால்வனைஸ் ஸ்பிரிங், புது யு-போல்டு. குறுக்குச் சட்டமும் மாட்டியாயிற்று. மழை, குளிர், முதுகு வலி. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

செப்டம்பர் 6, சனி

விளக்குகள். இடது இண்டிகேட்டர் போட்டால் வலது பக்கமும் மங்கலாகச் சிமிட்டியது. இப்படிப் பேய் பிடித்த மாதிரி ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. ஆஸ்திரேலிய ஏழு முனை பிளக்கில் எர்த் வெள்ளை, இடது மஞ்சள், வலது பச்சை, பிரேக் விளக்கு சிவப்பு, பின் விளக்கு பழுப்பு. வெள்ளை வயரை உரித்தால் செம்பு கறுத்துப் பொடியாகிக் கிடந்தது. சட்டத்தையே எர்த்தாக நம்பாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுத்தேன், ஈயம் பூசிய செம்பு வயர். தண்ணீர் புகாத எல்இடி விளக்குகள். மூட்டுகளில் உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாய்.

செப்டம்பர் 20, சனி

படகு திரும்ப ஏறியது. தாங்கு கட்டைகளில் இருந்த கம்பளத்தையும் மரத்தையும் தூக்கிப் போட்டுவிட்டோம். கம்பளம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த மரமோ செம்பு மருந்து ஏற்றியது, ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும். பிளாஸ்டிக் பட்டைகளும் பாலியூரித்தேன் உருளைகளும் போட்டோம்.

பிறகு குளியலறைத் தராசை முன்முனைக்கு அடியில் ஒரு கட்டையோடு வைத்தோம். 28 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 560 கிலோ. 750-க்குக் கீழே என்பதால் பிரேக் தேவையில்லை, ஆனால் காரின் கொக்கியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விழ வேண்டும். இல்லையென்றால் வேகத்தில் வால் ஆடும். படகை முன்னால் தள்ளினால் மோட்டார் தொங்கும் பின்சுவருக்குத் தாங்கல் போய்விடும். ஆகவே அச்சையே பின்னால் நகர்த்த வேண்டும். கணக்குப் போட்டால் 15 செ.மீ. போதும் என்று வந்தது. ஸ்பிரிங் தாங்கிகள் வெல்டு இல்லாமல் போல்டில் நின்றது நல்லதாகப் போயிற்று. நகர்த்திய பின் தராசு 52 காட்டியது. அண்ணை கண் எடுக்காமல் தராசைப் பார்த்து, "எனக்கும் இது 52 காட்டினா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அக்டோபர் 11, சனி

வெரிபீ சவுத் சரிவுத் தளம். ஸ்னாப்பர் மீன் போர்ட் ஃபிலிப் குடாவுக்குள் வரத் தொடங்கும் பருவம், மெல்பர்ன் கப் குதிரைப் பந்தய வாரக் கடைசியில் இங்கே நிற்க இடம் இருக்காது. வந்ததும் ஹப்பைத் தொட்டேன்: இரண்டும் இளஞ்சூடு, கை வைத்து வைத்திருக்கலாம். சாமான்களை ஏற்றி, படகின் வடிகால் ஓட்டைக்கு அடைப்பானைப் பூட்டி, இருபது நிமிடம் ஆறவிட்ட பிறகே பின்னால் இறக்கினேன். பின்னால் நின்ற வண்டிக்காரருக்குப் பொறுமை இல்லை. இருக்கட்டும்.

மீன் ஒன்றும் பெரிதாக இல்லை. வீட்டில் ஹோஸை 'சி' சட்டத்துக்குள் விட்டுக் கழுவினேன். யு-போல்டு நட்டுகள் சாவிக்கு அரைச் சுற்று இடம் கொடுத்தன; புது ஸ்பிரிங் அமர்ந்தால் அது வழக்கம்.

அண்ணை போகிற போக்கில், "என்ரை மச்சான்ரை ட்ரெய்லரையும் ஒருக்கா பாப்பமோ தம்பி?" என்றார். பெயிண்ட் அடித்திருக்கிறாரா என்று கேட்டேன். போன மாதம்தான் அடித்தாராம். ஸ்க்ரூடிரைவரைத் தயாராக எடுத்து வைத்துவிட்டேன்.