நத்தார்ப் பாட்டுகளுக்கு ஒரு மென்பொருள்

கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. நான் மெட்டுப் போட்ட பதினொரு பாட்டுகள் அதில் இருக்கின்றன. ஒன்றையும் திறக்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் கொப்பி பண்ணித் தந்த, சுரம் எழுதுகிற மென்பொருளில் எழுதியவை அவை. கம்பியூட்டர் பழுதாகிப்போனது, மென்பொருளும் அதோடு போயிற்று. அச்செடுத்து வைத்திருந்ததால் ஒன்பது தப்பின. தப்பாத இரண்டில் ஒன்று, அம்மா உயிரோடு இருந்த கடைசி நத்தாருக்குப் போட்டது. அதில் முதல் நான்கு வரிகளின் மெட்டுத்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால்தான், என்னைப்போல ஓய்வு நேரத்தில் மட்டும் பாட்டெழுதுகிறவர்கள் “எந்த மென்பொருள் மலிவு?” என்று கேட்டால், விலைக்கு முன்னால் நான் வேறொன்றைச் சொல்கிறேன். எழுதியதை மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். 2004இல் வந்த பொது வடிவம் அது. ஒரு மென்பொருளில் எழுதிய சுரத்தையும் சொல்லையும் இன்னொன்றில் திறக்கலாம். பக்க அமைப்பு கொஞ்சம் குலையும், பாட்டு நிற்கும். பெரிய பெயரை நம்பிக்கொண்டு இருக்கவும் முடியாது. 1988இலிருந்து இருந்த ஃபினாலே என்ற சுர மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று அதைச் செய்த நிறுவனமே 2024 ஓகஸ்டில் அறிவித்துவிட்டது.

எனக்குத் தேவை பெரிதல்ல. கல்முனையில் அலுவலக வேலை. காலை பஸ்ஸில், காத்தான்குடிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில், மனதில் வருகிற மெட்டை ஃபோனில் மெல்லப் பாடிப் பதிந்துகொள்வேன். இரவில் அதை எழுதுவேன். சனிக்கிழமை பின்னேரம் ஆலயத்தில் பாடகர் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். நான்கு குரல், ஒரு கீபோர்ட், ஒரு வயலின். ஒவ்வொரு குரலுக்கும் தனி வரியாக எழுதுவது என் வழக்கம்.

சிபேலியஸ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு நான்கு பகுதிகளோடு, அதாவது நான்கு குரல் அல்லது கருவி வரிகளோடு, நின்றுவிடும். குரல்களை எழுதி முடித்ததும் வயலினுக்கு இடமில்லை. டோரிக்கோவின் இலவசப் பதிப்பு பாடுகிறவர், வாசிக்கிறவர் என எட்டுப் பேர் வரை தாங்கும், அச்சும் அழகு. ஆனால் அதன் முறைகள் பழக எனக்குப் பல வாரம் எடுத்திருக்கும். நோட்ஃப்ளைட் உலாவியிலேயே ஓடும், இலவசக் கணக்கில் பத்துப் பாட்டுத்தான், இன்டர்நெட்டும் வேண்டும். லிலிபொண்டில் சுரங்களை எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு அதன் அச்சைப்போல வேறில்லை.

நான் தங்கிவிட்டது மியூஸ்ஸ்கோரில். மென்பொருள் முழுக்க இலவசம், பகுதிகளுக்கு எல்லையும் இல்லை. ஒரு விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். அதே பெயரில் பாட்டுத் தாள்களைப் பகிர்கிற இணையத்தளம் ஒன்று உண்டு, சந்தா கேட்பது அதுதான். மென்பொருளை எடுக்க ‘ஓர்க்’ என்று முடிகிற முகவரிக்குப் போங்கள், காசு கேட்காது. 2022 டிசம்பரில் வந்த 4ஆம் பதிப்புக்கு மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித் தொகுப்பைத் தனியாகச் சேர்க்கலாம். அந்த வயலினை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் 4 ஜிபி நினைவகம் உள்ள என் லப்டொப் அதைத் தாங்கவில்லை. ஒலிகளைத் தெரிவுசெய்கிற மிக்ஸர் பலகையில் எல்லா ஒலியையும் ‘எம்எஸ் பேசிக்’ என்ற சாதாரண ஒலிக்கு மாற்றினேன், இப்போது தடையில்லாமல் ஓடுகிறது. அதுவும் சரிவராத பழைய கம்பியூட்டர் என்றால் 3.6.2 பதிப்பே போதும்.

தமிழ்ச் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மினக்கெட்டது இங்கேதான். எங்களுக்கு வருகிற பாட்டு வரிகள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு பாடும்போது பிரிகிற இடங்களில் சிறு கோடு போட்டு, ‘வா-னில் விண்-மீன்’ என்பதுபோலத் தயார்செய்து, முழுவதையும் கொப்பி பண்ணுங்கள். முதல் சுரத்தைத் தெரிவுசெய்து கன்ட்ரோல் எல், அதன்பின் கன்ட்ரோல் வியைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வொரு துண்டும் தன் சுரத்தின் கீழ் போய் உட்காரும். ஓர் அசை பல சுரங்களுக்கு நீண்டால் அடிக்கோடு. பாடல்வரிக்கான எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றினால் கொம்பும் காலும் ஒழுங்காக நிற்கும்.

எங்கள் குழுவில் ஆல்டோ என்கிற தாழ்ந்த பெண் குரல் பாடுகிற மாமிக்கு ஐந்து கோட்டுச் சுரம் வாசிக்க வராது. அவர் பழகியது சுரங்களை எழுத்தால் குறிக்கிற டொனிக் சொல்ஃபா. சுரத்தின் கீழ் முதல் வரியில் ட, ர, ம என்று சொல்ஃபாவையும் இரண்டாவது வரியில் சொற்களையும் போட்டுக் கொடுக்கிறேன். உயர்ந்த பெண் குரலான சொப்ரானோவுக்கு உச்சம் எட்டாவிட்டால் முழுப் பாட்டையும் ஒரு சுரம் இறக்க அரை நிமிடம். முன்பு அதற்கு ஓர் இரவு போகும்.

இந்த வருடம் ஒரு பாட்டுக்கு எங்கள் பக்கத்து நாட்டார் ஆடலான வசந்தன் கூத்து மெட்டின் சாயலில் தொடக்கம் போட்டேன். அதன் குழைவை எந்த மென்பொருளிலும் என்னால் எழுத முடியவில்லை. பாடிப் பதிந்து எல்லோருடைய ஃபோனுக்கும் அனுப்பினேன்.

போன சனிக்கிழமை, தொலைந்த அந்தப் பாட்டைப் பற்றி மாமியிடம் கதைத்தேன். “அது எனக்குப் பாடமே மகள்” என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். முழுப் பாட்டும் வந்தது, ஆனால் ஆல்டோ மட்டும். அன்றிரவே எழுதி, மியூசிக்எக்ஸ்எம்எல் ஆகவும் பிடிஎஃப் ஆகவும் எடுத்து, தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தேன். திரையில் ஐந்தாம் வரியிலிருந்து சொப்ரானோ காலியாகவே இருக்கிறது. மாமியின் சுரத்துக்கு மேலே என்ன போயிருக்கும் என்று ஒவ்வொரு இரவும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.