இட்லிப் பானையை அளந்து தொடங்கிய கிச்சன்

குரோம்பேட்டையில் எங்கள் அபார்ட்மென்ட் கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சமையலறை ஒன்பதரை அடிக்கு ஏழு அடி. எல் வடிவத்தில் கிரானைட் மேடை, கீழே கடப்பா கல் தடுப்புகள், அவற்றுக்கு முன்னால் ஒரு காலத்தில் பச்சையாக இருந்த திரைத்துணி. அந்தத் திரையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து குக்கர் தேடுவதுதான் பல வருடமாக என் காலை உடற்பயிற்சி.

போன வருடம் ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனியில் இருந்து ஆள் வந்தார். லேசர் கருவியில் இரண்டு நிமிடத்தில் அளந்து, லேப்டாப்பில் படம் காட்டி, 2,35,000 ரூபாய் என்றார். அதில் பழைய மேடையை உடைத்து எடுப்பதற்கும், புது மேடை போடுவதற்கும் பெரிய தொகை இருந்தது. இந்த மேடைக்கு என்ன குறை என்று கேட்டேன். "மாடுலர்னா மேடையை உடைச்சுத்தான் மேடம் ஆகணும்" என்றார். அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் விரிசல்கூட இல்லாத கிரானைட்டை உடைக்க மனசு வரவில்லை. தச்சர் ஒருவர் 1,30,000 கேட்டார். அதுவும் இரண்டு மாதம் கழித்துத்தான், அதுவும் ஹாலில் வைத்துத்தான் அறுப்பாராம். சரி, நாமே செய்தால் என்ன என்று வந்தது அப்படித்தான்.

என்னிடம் மரவேலை அனுபவம் என்று எதுவும் இல்லை. கட்டில் ஒன்றை ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் மாடுலர் என்பது வெறும் பெட்டிகள். பலகையை நேராக அறுப்பதும், விளிம்பில் பட்டை ஒட்டுவதும்தான் வீட்டில் செய்ய முடியாத வேலை. அதை பிளைவுட் கடைக்காரர்களே மெஷினில் செய்து தருகிறார்கள். அளவு எழுதிய தாள் கொடுத்தால் போதும். மிச்சம் துளை போடுவது, ஸ்க்ரூ முடுக்குவது.

அளவு எடுக்க உட்கார்ந்தபோது அத்தை சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் மாற்றியது. "செவுத்த அப்புறம் அள. மொதல்ல சாமான அள" என்றார். எல்லாப் பாத்திரத்தையும் ஹால் தரையில் பரப்பினோம். தினமும் எடுப்பது, வாரம் ஒருமுறை எடுப்பது, பொங்கலுக்கு மட்டும் எடுப்பது என்று மூன்று கூட்டம். தினமும் எடுப்பதில் உயரமானது இட்லிப் பானை, 24 செ.மீ. அடுத்தது ஏழரை லிட்டர் குக்கர். தம்ளர், கரண்டி, தட்டு எல்லாம் சேர்த்தாலும் 10 செ.மீ. உயர டிராயர் போதும். கம்பெனி படத்தில் எல்லா டிராயரும் ஒரே உயரத்தில் அழகாக இருந்தன. அதில் இட்லிப் பானைக்கு இடமே கிடையாது. எங்கள் டிராயர்கள் மேலே சின்னது, நடுவில் கொஞ்சம் பெரியது, அடியில் ஆழமானது என்று ஆனது அந்த நாளில்தான்.

அப்புறம்தான் கடப்பா கல் தடுப்புகளுக்கு நடுவே டேப் பிடித்தேன். அடுப்புக்குக் கீழே உள்ள பொந்து முன்பக்கம் 588 மி.மீ., பின்பக்கம் 579. ஒன்பது மி.மீ. வித்தியாசம். தரையும் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டது, ஒரு மூலையில் மேடைக்கும் தரைக்கும் 702 என்றால் மறு மூலையில் 711. நம் வீடுகளில் எந்த மூலையும் நேர்மூலை இல்லை. ஒவ்வொரு பொந்திலும் அகலத்தை முன், பின், மேல், கீழ் என்று நான்கு இடத்தில் அளந்து, மிகச் சிறியதை எடுத்து, அதிலும் 5 மி.மீ. கழித்துப் பெட்டி அகலம் வைத்தேன். அந்தப் பொந்துக்கு 574. சுற்றிலும் விழும் இடைவெளியைக் கதவு மறைத்துவிடும்.

அடுத்தது பலகை. முன்பு இருந்த வாடகை வீட்டில் சிங்க் அடியில் மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு போட்டிருந்தார்கள். ஒரு வருடத்தில் ஊறிப்போய் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. அதனால் கீழ்ப் பெட்டிகளுக்கெல்லாம் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள 18 மி.மீ. பிளைவுட்தான் என்று முடிவாக இருந்தேன். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக்கூடாது என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. ஐ.எஸ். 303 விலை குறைவு, அறைக்குள் அலமாரிக்குப் போதும், ஆனால் நாம் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். கதவுகளுக்கும் மேலே மாட்டும் பெட்டிகளுக்கும் எச்.டி.எச்.எம்.ஆர். என்ற, ஈரம் தாங்கும் அழுத்தப் பலகை, லேமினேட் என்ற மெல்லிய மேல்தகடு ஒட்டியே வருவது.

வாங்கப் போனது சென்னை சைடன்ஹாம்ஸ் ரோடு. மூன்று கடை ஏறினேன். முதல் இரண்டிலும் "சார் வரலையா மேடம்?" என்றுதான் ஆரம்பித்தார்கள். மூன்றாவது கடையில் இருந்த பெரியவர் என் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "பிளேடு தின்னுற மூணு மில்லிய கணக்குல சேத்தியாம்மா?" என்று கேட்டார். சேர்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் எந்தத் துண்டு எங்கே வரும் என்று மறுபடி வரைந்தோம். கடைசியில் ஒரு ஷீட் மிச்சமானது. பிளைவுட்டுக்கு வெளியே 1 மி.மீ. லேமினேட், உள்ளே லைனர் என்ற 0.8 மி.மீ. வெள்ளைத் தகடு என்று அவரே ஒட்டி, அறுத்து, பட்டை போட்டுக் கொடுத்தார்.

அந்த லேமினேட்டில்தான் விழுந்தேன். பலகை 18 என்று வைத்துத்தான் என் கணக்கு முழுக்க. 574-இல் இரண்டு பக்கத்துக்கு 36 போனால் உள் அகலம் 538. டிராயர் ஓடுகிற தண்டவாளமான டெலஸ்கோப்பிக் சேனல் பக்கத்துக்கு 13 வீதம் 26 எடுத்துக்கொள்ளும். ஆக டிராயர் 512. பெட்டியை முடுக்கி நிறுத்தி, சேனல் மாட்டி, டிராயரை உள்ளே விட்டேன். பாதியில் நின்றது. தள்ளினால் கிரீச் என்றது. சோப்பு தடவிப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கேலை வைத்து விளிம்பைப் பார்த்தால் பலகை 18 இல்லை, கிட்டத்தட்ட 20. லேமினேட்டும் லைனரும் சேர்ந்து பக்கத்துக்கு 1.8, இரண்டு பக்கமும் 3.6. ஆறு டிராயரும் அந்த அளவுக்குப் பெரிசு.

நல்லவேளை, டிராயரைக் குறுக்க முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பக்கப் பலகைகளுக்கு நடுவே மாட்டுகிற குறுக்குத் துண்டுகளையும் அடிப்பலகையையும் 4 மி.மீ. நறுக்கினால் போதும். அந்த முனைகள் உள்ளே மறைவதால் பட்டைகூடத் திரும்ப ஒட்ட வேண்டாம். பெரியவர் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தார். "எல்லாரும் ஒரு தடவ செய்வாங்க" என்றார்.

கதவுக்குக் கீல் மாட்டுவது பயந்த அளவுக்குக் கஷ்டம் இல்லை. 35 மி.மீ. பிட், விளிம்பில் இருந்து துளையின் நடுவுக்கு 22 மி.மீ., ஆழம் 12. பிட்டில் 12 மி.மீ. உயரத்தில் சிவப்பு டேப் சுற்றிக்கொண்டேன். டேப் பலகையைத் தொட்டால் நிறுத்து. ஒரு கதவில் பேச்சு சுவாரசியத்தில் டேப்பைத் தாண்டிவிட்டேன், மறுபக்கம் சின்னதாக ஒரு கொப்புளம் எழுந்தது. அந்தக் கதவை சிங்க் அடியில் யாரும் பார்க்காத பக்கம் போட்டாயிற்று.

பெட்டிகளுக்கு அடியில் 10 செ.மீ. பிளாஸ்டிக் கால், திருகினால் ஏறி இறங்கும். முன் காலைத் திருகலாம். பொந்துக்குள் போன பிறகு பின் காலுக்குக் கை எட்டாது. அதனால் தரை அளவைப் பார்த்து, பின் காலை முதலிலேயே கூட்டிக் குறைத்து வைத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். இதைக் கண்டுபிடிக்க முதல் பெட்டியை மூன்று தடவை வெளியே இழுத்தோம்.

சிலிண்டர் பொந்தில் பெட்டியே வைக்கவில்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அங்கே கதவு மட்டும், அதுவும் அடியில் இரண்டு அங்குலம் விட்டு. நிரம்பிய சிலிண்டர் 30 கிலோ வரும். அதற்கென்று விற்கும் இழுப்புத் தட்டை வாங்காமல் சாதாரணச் சக்கர வளையமே போட்டிருக்கிறோம். பாட்டில்கள் வைக்கும் ஒடுக்கமான இழுப்புத் தட்டான பாட்டில் புல்-அவுட்டும் வேண்டாம் என்று விட்டோம். ஆறு அங்குலத்துக்கு மூன்று டிராயர் விலை கேட்டார்கள், எண்ணெய் சொட்டினால் துடைப்பதும் பெரும்பாடு.

மேல் பெட்டிகளை மாட்ட மட்டும் கணவரும் மச்சினரும் கூட நின்றார்கள். சுவரில் முதலில் ஒரு மரச்சட்டத்தை மட்டம் பார்த்து அடித்து, பெட்டியை அதன்மேல் உட்கார வைத்துவிட்டுத் துளை போட்டால் கை வலிக்காது. பிளக் பாயின்ட்டுக்கு நேர் மேலே துளை போடவே கூடாது, ஒயர் பைப் அங்கேதான் ஏறும்.

ஐந்து வார ஞாயிறுகள், ஒரு நாள் லீவு. டிரில்லிங் மெஷின், கிளாம்ப், மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் புது பிளக் பாயின்ட், குட்டியானை வாடகை எல்லாம் சேர்த்து 65,000-க்குக் கொஞ்சம் குறைவு. திரைத்துணி இப்போது பைக் துடைக்கிறது.

இட்லிப் பானை டிராயரை முதல் நாள் மூடியபோது டக் என்று இடித்தது. 24 செ.மீ. என்று நான் அளந்தது மூடியோடுதான். மூடியின் மேலுள்ள குமிழை விட்டுவிட்டேன். அத்தை வந்து பார்த்தார், மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து டிராயரைத் தள்ளினார். மூடிக்கொண்டது.