பிளாக்கில் எவ்வளவு மிச்சம்?

நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்ஃபோமா பற்றிய ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்றால், கேட்பவர்கள் உடனே பெரிய இயந்திரங்களையும் திரை நிறைய ஓடும் மரபணு எழுத்துகளையும் நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இருக்கிறதுதான். ஆனால் எங்கள் துறையில் அன்றாடம் அடிபடும் கேள்வி வேறு: இந்த நோயாளியின் பிளாக்கில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

நோயாளியிடமிருந்து எடுத்த திசுவை ஃபார்மலினில் போட்டுக் கெடாமல் பதப்படுத்தி, அதிலுள்ள நீரை நீக்கி, மெழுகில் புதைத்து வைப்பதைத்தான் பிளாக் என்கிறோம். அதை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பொருத்தி மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, ஸ்லைடில் ஏற்றிச் சாயம் கொடுத்துப் பார்ப்போம். பேத்தாலஜிஸ்டாக என் முதல் வேலை நோய்க்குப் பெயர் சொல்வது. இரண்டாவது வேலை, ஆராய்ச்சிக் குழுவுக்குத் திசு ஒதுக்கிக் கொடுப்பது. இரண்டு வேலைக்கும் இருப்பது அதே பிளாக். சீவச் சீவக் குறையும், அவ்வளவுதான்.

முன்பு கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியிருந்தால், சர்ஜன் அந்த நிணநீர்க் கணுவை முழுசாக எடுத்து அனுப்புவார். இப்போது பாதிக்கு மேல் ஊசி பயாப்ஸிதான். நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம், பெரிய காயம் இல்லை, வயிற்றுக்குள் ஆழமாக இருக்கும் கட்டியைக்கூட ஸ்கேன் பார்த்தபடியே எட்டிவிடலாம். எங்களுக்கு வந்து சேர்வதோ தீக்குச்சியில் பாதி கனம்கூட இல்லாத இரண்டு மூன்று இழைகள். இதில் கேட்கப்படும் பரிசோதனைகளோ ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. சிடி20, சிடி3, சிடி10, பிசிஎல்6, மம்1, கேஐ-67 என்று, செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்பதைக் காட்டும் இம்யூனோ ஸ்டெயின்கள். அப்புறம் மிக், பிசிஎல்2 மரபணுக்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க ஃபிஷ் என்ற பரிசோதனை. எல்லாம் முடிந்து ஆராய்ச்சிக்காரர்கள் வரும்போது பெரும்பாலும் மெழுகுதான் மிஞ்சியிருக்கும்.

முழுக் கணு ஃபார்மலின் படாமல் ஃப்ரெஷ்ஷாக வருகிறது என்று போன் வந்தால் எங்கள் அறையில் ஒரு சுறுசுறுப்பு தொற்றிக்கொள்ளும். கூர்மையான பிளேடால் ஒரே இழுப்பில் இரண்டாக வெட்ட வேண்டும். அறுக்கக் கூடாது, அறுத்தால் செல்கள் நசுங்கும். வெட்டிய முகம் வெளிறிப்போய், வழவழப்பாக, உள்ளமைப்பு எதுவும் தெரியாமல் இருந்தால் லிம்ஃபோமாவாக இருக்கலாம் என்று மனசு அப்போதே சொல்லும். அதை எழுதக் கூடாது என்பது வேறு விஷயம். வெட்டிய முகத்தில் கண்ணாடி ஸ்லைடை லேசாக ஒற்றி எடுப்போம். தேய்த்தால் போச்சு. அந்த ஒற்றலை உடனே சாயமேற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் போகலாம் என்று ஓரளவு தெரியும். பிறகு ஒரு துண்டு செல் வளர்க்கும் ஊடகத்தில், செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு, ஒரு துண்டு திரவ நைட்ரஜனில் ஆராய்ச்சிக்கு, மீதி மெல்லிய வில்லைகளாக ஃபார்மலினுக்கு. வில்லையாக வெட்டாமல் கணுவை அப்படியே ஃபார்மலினில் போட்டால், உள்ளே இறங்க அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும். வெளி ஓரம் பாடப்புத்தகப் படம் மாதிரி இருக்கும், நடுவில் ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த அரை மணி நேரத்துக்கு யாரும் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதில்லை. இயந்திரம் வாங்க எழுதுகிறார்கள். இது என் பழைய புலம்பல், சக ஊழியர்களுக்கு மனப்பாடம்.

இன்னொரு புலம்பலும் உண்டு. மூச்சுத் திணறலோ மூளையில் வீக்கமோ இருந்தால் மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுப் பிறகு பயாப்ஸிக்கு அனுப்புவார். உயிர் போகிற அவசரம் என்றால் வேறு வழியில்லை, சரி. ஆனால் ஸ்டீராய்டு பட்டால் லிம்ஃபோமா செல்கள் பல சமயம் கரைந்துபோகும். ஸ்லைடில் செத்த செல்களின் சுவடும் அதைத் தின்ன வந்த மேக்ரோஃபேஜ்களும்தான் இருக்கும். நோய் போகவில்லை, தடயம்தான் போய்விட்டது. கட்டி மறுபடி தலை தூக்கும் வரை காத்திருந்து, மறுபடியும் பயாப்ஸி எடுக்க வேண்டியிருக்கும். மூளை லிம்ஃபோமாவில் இந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமை என்று அந்தக் குடும்பங்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்கள் ஸ்லைடை விட மரபணு வரிசைப்படுத்தலைத்தான் நம்புகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்தவர்களைப் பற்றி எழுதியபோது மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்கவில்லை. அந்த நோய்க்கே உரிய பெரிய செல்லைக் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் 1898இலும் டோரதி ரீட் 1902இலும் விவரித்தார்கள். அது காசநோயின் ஒரு வடிவம் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், இல்லை, இது தனி நோய் என்று ரீட் தெளிவாகச் சொன்னார். அந்த ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் கட்டியில் நூற்றுக்கு ஒன்று இருந்தாலே பெரிது. மீதியெல்லாம் சாதாரண லிம்ஃபோசைட்டுகள், ஈசினோஃபில்கள் போன்ற வெள்ளை அணுக்கள்தான். முழுத் திசுவையும் அரைத்து மரபணுவைப் படித்தால் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றித்தான் அறிக்கை வரும்.

அதனால்தான் அந்தச் செல்லின் மூலம் எது என்பது 1990கள் வரை வழக்காகவே இருந்தது. ஜெர்மனியில் ரால்ஃப் க்யூப்பர்ஸ், கிளவுஸ் ராயெவ்ஸ்கி, மார்ட்டின்-லியோ ஹான்ஸ்மன் குழுவினர் திசுச் சீவலிலிருந்து அந்தச் செல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து ஆராய்ந்து, ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளை அணுவான பி செல்லிலிருந்து வந்தவைதான் என்று 1994இல் காட்டினார்கள். பி செல்லின் அடையாளங்களைப் பெரும்பாலும் தொலைத்துவிட்ட பி செல். மாணவர்களிடம் இதைச் சொன்னால், கையால் ஒவ்வொன்றாகவா என்று கேட்பார்கள். ஆமாம், கையால்தான்.

வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்றேன், அதையும் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்களில் ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு பகுதி பெருகியிருப்பதால், பிடி-எல்1 என்ற புரதத்தை அவை ஏராளமாக ஏந்திக்கொண்டு, சுற்றி நிற்கும், கட்டியைத் தாக்க வேண்டிய டி செல்களைச் செயலிழக்க வைத்திருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்கும் நிவோலுமாப் என்ற மருந்து, மற்ற சிகிச்சைகள் கைவிட்ட ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்காக 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எங்கள் வேலையில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: பெயர் வைக்கப் பயன்படுத்திய பொருளே பிறகு மருந்தாகித் திரும்பி வருவது. சிடி30 அந்தப் பெரிய செல்களை அடையாளம் காட்டும் ஸ்டெயின்; அதையே குறிவைத்து விஷம் சுமந்துபோகும் பிரென்டுக்சிமாப் 2011இல் அனுமதிக்கப்பட்டது. சிடி20 கதை இன்னும் பெரியது. பரவலான பெரிய பி செல் லிம்ஃபோமாவுக்கு 1970களின் சாப் என்ற கீமோ கலவையைவிட நல்லது வேண்டும் என்று மருந்துகளைக் கூட்டிக் கூட்டிப் பல கலவைகள் செய்தார்கள். 1993இல் அவற்றில் முக்கியமான மூன்றைச் சாப்போடு நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. எதுவும் அதை மிஞ்சவில்லை, பக்கவிளைவில் மட்டும் சில மிஞ்சின. நிலைமையை மாற்றியது 1997இல் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப், அதாவது பி செல்லின் மேலுள்ள சிடி20 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி. அதைச் சேர்த்த ஆர்-சாப் இன்றும் பல இடங்களில் முதல் சிகிச்சை.

இரைப்பையில் வரும் மால்ட் லிம்ஃபோமாவும் அப்படித்தான். அதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டியவர் பேத்தாலஜிஸ்ட் பீட்டர் ஐசக்சன். அதற்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கும் தொடர்பு தெரிந்த பிறகு, ஆறு நோயாளிகளுக்கு வெறும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்ததில் ஐந்து பேருக்கு லிம்ஃபோமா மறைந்தது. 1993இல் வந்த கட்டுரை அது. புற்றுநோய்க்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை என்று யாராவது சொன்னால் நானே சிரித்திருப்பேன்.

எல்லாப் பெயரும் இப்படிப் பலன் தந்துவிடவில்லை. ஸ்லைடில் ஒன்றுபோலத் தெரியும் பெரிய பி செல் லிம்ஃபோமாவுக்குள் குறைந்தது இரண்டு வகை இருப்பதை எந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்பதை வைத்து 2000இல் காட்டினார்கள். அந்த இரண்டில் மோசமான வகைக்கென்று ஆர்-சாப்போடு இப்ரூட்டினிப் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஃபீனிக்ஸ் ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. இளையவர்களுக்கு உதவியதுபோல இருந்தது, அறுபதைத் தாண்டியவர்கள் பக்கவிளைவில் தவித்தார்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் சேர்க்கும் முன் திசுவை ஒரு மைய ஆய்வகத்துக்கு அனுப்பி, வகை எதுவென்று பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். கட்டி வேகமாக வளர்ந்து மூச்சு முட்டும் நோயாளியை எந்த மருத்துவர் காக்க வைப்பார்? நாளைக்கே ஆர்-சாப் தொடங்கிவிடுவார். ஆகவே புதிய மருந்து யாருக்கு மிகவும் தேவையோ அவரே ஆய்வுக்குள் வருவதில்லை. மருந்து தோற்றதா, ஆள் சேர்த்த விதம் தோற்றதா என்று எங்கள் கூட்டங்களில் இன்னும் பேச்சு ஓடுகிறது. இரண்டும்தான் என்பது என் கட்சி.

வகைப்பாட்டைப் பற்றி ஒரு வரி மட்டும்: 2022இல் இரண்டு போட்டி வகைப்பாடுகள் வந்ததிலிருந்து, சில நோய்களுக்கு அறிக்கையில் இரண்டு பெயரையும் எழுத வேண்டியிருக்கிறது. நோயாளிக்கு அது தலைவலி, எனக்கும்தான்.

மருத்துவர்களோடு நான் அதிகம் சண்டை போடுவது நோய் திரும்பும்போது. பெட் ஸ்கேனில் ஒளிர்கிறது, சிகிச்சையைத் தொடங்கிவிடலாமே, மறுபடி எதற்குக் குத்துவது என்பார்கள். ஒளிர்வதெல்லாம் லிம்ஃபோமா இல்லை. வெறும் அழற்சியும் கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சுகளும் அதே மாதிரி ஒளிரும். நோயே என்றாலும் பழைய நோயாக இருக்க வேண்டியதில்லை. நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்து, பி செல்லின் மேலுள்ள சிடி19 புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி சிகிச்சை 2017இலிருந்து அனுமதியில் இருக்கிறது. அதற்குப் பிறகு திரும்பும் சில கட்டிகளில் சிடி19 காணாமலே போயிருக்கும். ஸ்கேனுக்கு அது தெரியாது.

எங்கள் டெக்னீஷியன் அக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பிளாக்கை ஒவ்வொரு முறை மைக்ரோடோமில் ஏற்றும்போதும் முகத்தைச் சமன் செய்யவே கொஞ்சம் திசு வீணாகும். அதனால் முதல் முறையிலேயே சாயமேற்றாத சீவல்களைச் சேர்த்து எடுத்து வைத்துவிடுவார். ஊசி இழைகளை ஒரே பிளாக்கில் போடாமல் தனித்தனியாகப் போடுவதும் அவர் சொன்னதுதான். இதனால் மிஞ்சிய திசுவில் எத்தனை ஆய்வுகள் ஓடியிருக்கின்றன என்று கட்டுரைகளின் நன்றியுரையில் தேடினால் கிடைக்காது.

போன மாதம் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் படிவத்தோடு வந்தார். லிம்ஃபோமா செல்கள் ரத்தத்தில் சிந்தும் டிஎன்ஏ துணுக்குகளைப் படிக்கும் ஆய்வு. நல்ல ஆய்வு, ஹாட்ஜ்கினில் கட்டிக்குள் அரிதாக இருக்கும் செல்லின் டிஎன்ஏ ரத்தத்தில் தாராளமாகவே கிடைக்கிறது. சிகிச்சை பலிக்கிறதா என்று தொடர்ந்து பார்க்க இனி ஊசி தேவைப்படாமல் போகலாம் என்று உற்சாகமாக விளக்கினார். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒவ்வொரு நோயாளியின் பிளாக்கிலிருந்தும் பத்து சீவல்கள் கேட்டிருந்தார்.

"ஐந்து தரலாம்" என்றேன்.

"நாலு" என்றார் அக்கா, மைக்ரோடோமிலிருந்து தலையைத் தூக்காமல்.