ஃப்ரிட்ஜுக்குக் குளிர்கிறது

33 ஆண்டுகள் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவன் நான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்கள் கடலூரைப் புரட்டிப் போட்டபோது, சாய்ந்த கம்பங்களை எண்ணி முடிக்கவே நாட்கள் ஆயின. அப்போதுகூட நான் விழவில்லை. ஓய்வுபெற்ற மறு கார்த்திகையில், கொல்லைப்புறத்துத் துவைக்கும் கல்லருகே பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். விழுந்த உயரம், தரையிலிருந்து தரைக்கு.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் முருங்கைக்காய்போல் விறைத்துக் கிடந்தன. பிசியோதெரபி செய்த தம்பி, "பந்து ஒன்றை வைத்து அமுக்கிக்கொண்டே இருங்கள் சார்" என்றார். பேரன் ஊருக்குப் போகும்போது எல்லாப் பந்தையும் எடுத்துப் போய்விட்டிருந்தான். பரணில் தேடியதில், என் மனைவி மகளுக்குப் பின்னிக்கொண்டிருந்து பாதியில் விட்ட ஒரு கம்பளி நூல் உருண்டை கிடைத்தது. அதன் நெஞ்சில் இரண்டு ஊசிகள் குறுக்காகக் குத்தியிருந்தன. அமுக்குவதற்கு இதமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அமுக்கினேன். மூன்றாம் நாள் ஊசியைக் கையில் எடுத்தேன். சனி பிடிப்பதற்கு நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாம் கிடையாது.

மனைவி பள்ளித் தையல் வகுப்பில் சிஸ்டர்களிடம் பின்னல் கற்றவர். "உங்களுக்கு எதற்கு இது?" என்று கேட்டுக்கொண்டேதான் சொல்லிக்கொடுத்தார். ஊசியின் அடியில் எண் போட்டிருந்தது. 8 என்றிருந்த ஊசி தடியாகவும், 12 என்றிருந்தது ஒல்லியாகவும் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது நம் கணக்கல்லவா! எர்த் போட நாங்கள் இழுக்கும் 8ஆம் நம்பர் ஜி.ஐ. கம்பி 4 மி.மீ. தடிமன், 10ஆம் நம்பர் 3.25 மி.மீ. எண் ஏற ஏறக் கம்பி இளைக்கும். ஊசியை அளந்து பார்த்தேன், 8 என்றால் அதே 4 மி.மீ., 10 என்றால் அதே 3.25. பழைய பிரிட்டிஷ் ஊசி எண்களும் கம்பியின் கேஜ் கணக்கை ஒட்டித்தான் போகின்றன. "பார்த்தாயா, இது மின்வாரியத் தொழில்தான்" என்றேன். மனைவி பதில் சொல்லாமல் உளுந்து களையப் போய்விட்டார்.

என் முதல் படைப்பு டிவிக்கு மேல் போடும் விரிப்பு. ஒரு வரிசை நேர்ப் பின்னல், ஒரு வரிசை மறுபின்னல் என்று பத்து நாள் பின்னினேன். இரண்டு தவறுகள் நேர்ந்தன. ஒன்று, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய பெட்டி டிவிக்குத்தான் தலை உண்டு. இப்போதிருப்பதற்கு இரண்டு விரல் அகலம்தான். விரிப்பைப் போட்டதும் அது பின்பக்கமாகச் சரிந்து ஒளிந்துகொண்டது. இன்னொன்று, அந்தப் பின்னலின் சுபாவமே ஓரம் சுருளுவது. நான்கு பக்கமும் நாலைந்து கண்ணி அகலத்துக்கு எல்லா வரிசையையும் நேர்ப் பின்னலாகவே போட்டுக் கரை கட்டியிருந்தால் படிந்திருக்கும் என்பதை மனைவி, முழுதும் முடித்த பிறகு சொன்னார். ஏன் முன்பே சொல்லவில்லை என்றால், "நீங்கள் மின்வாரியத் தொழில் என்றீர்களே" என்றார். விரிப்பு குழாய்போல் சுருண்டது. அதற்குள் பூரிக்கட்டையை நுழைத்தார், அளவெடுத்ததுபோல் இருந்தது. இன்றும் கடலூர் மாவட்டத்தில் உறை போட்ட பூரிக்கட்டை எங்கள் வீட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு நூல் வாங்க லாரன்ஸ் ரோட்டுக்கும், நிறம் பிடிக்காவிட்டால் பஸ் ஏறிப் புதுச்சேரி நேரு வீதிக்கும் போக ஆரம்பித்தேன். கடைகளில் உல்லன் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். கம்பளியா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பார்க்க வேண்டும். அசல் கம்பளி தலைமுடி கருகும் நாற்றம் அடித்துத் தானே அணைந்துவிடும். அக்ரிலிக் உருகிக் கருப்பு மணியாகக் கெட்டிப்படும். இந்த ஆராய்ச்சியை நான் பூஜை அறை விளக்கில் வைத்துக்கொண்டேன். மனைவியின் பழைய உருண்டை அசல் கம்பளி என்பது நிரூபணமானது. அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டு அம்மாள், "யாருக்காவது தலையில் தீப்பிடித்துவிட்டதா?" என்று சுவருக்கு மேலே எட்டிக் கேட்டார். வெள்ளிக்கிழமை வேறு.

அதன்பின் வீடு மெல்ல மெல்ல உடுத்திக்கொண்டது. மிக்சிக்கு ஒன்று, தண்ணீர்க் கேனுக்கு ஒன்று, சோபாவுக்கு மூன்று, நாற்காலிக் கால்கள் நான்குக்கும் காலுறை. வாசலுக்கு ஒரு மிதியடி பின்னினேன். அதைத் துவைக்கப் போட்டபோது ஒரு வாளித் தண்ணீரையும் குடித்துவிட்டு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு கையாலும் தூக்க முடியவில்லை. நாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் மிதந்து வந்து கரையேறிய தலம் எங்கள் திருப்பாதிரிப்புலியூர். அந்த ஊரில் என் மிதியடி வாளியிலேயே மூழ்கியது. கடற்காற்றின் ஈரத்தில் காய ஐந்து நாள் பிடித்தது. ஐந்து நாளும் தெருநாய் ஒன்று அதன் கீழே சொட்டுவதில் குளித்தது.

எனக்கே பெருமையாக இருந்தது தோரணம்தான். சித்திரை முதல் நாளுக்கு மாவிலை கட்டினால் மூன்றாம் நாள் காய்ந்து சருகாகிவிடும். பச்சை நூலில் 21 மாவிலை பின்னி, நடு நரம்புக்கு வெளிர்பச்சை ஓடவிட்டு நிலைவாசலில் கட்டினேன். எதிர்வீட்டுக்காரரே தொட்டுப் பார்த்துத்தான் நம்பினார். மனிதர் ஏமாந்தார், சரி. எதிர்த்தெரு ஆட்டுக்காரம்மாவின் கிடாவும் ஏமாந்தது.

மத்தியானம் திண்ணையில் கண்ணசந்திருந்தேன். விழித்தபோது ஓரத்து இலை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பச்சைக் கோடு படியிறங்கி, சாக்கடையைத் தாண்டி, டீக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் கண்ணியைச் சரியாக முடிச்சிடாமல் விட்டிருந்தேன். பின்னலில் அந்த ஒன்று அவிழ்ந்தால் போதும், மொத்தமும் பொலபொலவென்று வரும். போதாததற்கு ஒவ்வோர் இலைக்கும் நூலை அறுக்காமல் தொடர்ச்சியாகவே பின்னியிருந்தேன், சிக்கனம் என்று. கிடா நடக்க நடக்க இலை ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே கரைந்தது. நான் இந்த முனையைப் பிடித்து இழுத்தேன். அது அந்த முனையை மென்றுகொண்டே திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் இருந்தவர்கள் யார் பக்கம் என்று முடிவு செய்யாமல் இருவரையும் உற்சாகப்படுத்தினார்கள்.

ஆட்டுக்காரம்மா ஓடி வந்து என்னிடம்தான் சண்டைக்கு நின்றார். "இலை மாதிரி செய்து தொங்கவிட்டால் அதற்கு என்ன தெரியும் ஐயா? வயிற்றில் சிக்கிக்கொண்டால் யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. என் வீட்டுத் தோரணத்தைத் தின்றதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் அந்தக் கிடாவின் உடல்நலத்தை விசாரிப்பதே எனக்கு வேலையாயிற்று. மூன்றாம் நாள் காலை, வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் அவரே வந்து, "எல்லாம் வந்துவிட்டது அம்மா, பச்சையாகவே" என்று சொல்லிவிட்டுப் போனார். பிழைத்தேன்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவன் அந்த ஊசியையே எடுத்திருக்க மாட்டான்.

மே 4 அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், ஃப்ரிட்ஜுக்கான உறையை முடித்தேன். உறை என்று சொல்வது அதற்கு அவமரியாதை. ஒன்றேகால் கிலோ நூல். இரண்டு பக்கம், மேல், கதவு என்று தனித்தனித் துண்டாகப் பின்னி இணைத்து, கைப்பிடிக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய கை வைத்திருந்தேன். மாட்டிவிட்டுப் பார்த்தபோது ஊட்டிக்குப் புறப்பட்ட புது மாப்பிள்ளைபோல் நின்றது.

மனைவி ஈரக்கையோடு வந்து பார்த்தார். "என்னங்க, உள்ளே குளிர்கிறது என்று வெளியே ஸ்வெட்டர் போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். ரசனை இல்லாதவர் என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டேன்.

இதற்கிடையில் வெயில். சோபாவில் உட்கார்ந்தால் கம்பளி முதுகைப் பிடித்துக்கொண்டது. ஃபேன் ஐந்திலேயே நின்றது. அதுவும் போதாமல் எல்லாரும் (எல்லாரும் என்றால் இருவர்) படுக்கையறை ஏ.சி.க்குள் போய் உட்கார ஆரம்பித்தோம். வைகாசியில் பாடலீசுவரர் தேருக்கு வந்த உறவினர்கள் சோபாவை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். என் மைத்துனர் ஒருவர் தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடிக்க முயன்று, அதுவும் உடுத்தியிருப்பதைக் கண்டு விலகினார். நான் இதையெல்லாம் கவனித்தேனா என்றால், வாசலில் இருந்த மின் மீட்டர் பெட்டிக்கு ஜன்னல் வைத்த உறை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு பொத்தான், ஒரு மடிப்பு; திறந்தால் எண் தெரியும். பணியில் இருந்தபோது மீட்டரை மறைத்து வைக்காதீர்கள் என்று எத்தனை வீட்டு வாசலில் கத்தியிருக்கிறேன்!

ஜூன் மாதம் கணக்கெடுக்க ஓர் இளம்பெண் வந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் என் பேரில் இன்னும் இரண்டு கதைகள் ஓடுகின்றனவாம். மீட்டர் இருந்த இடத்தில் மஞ்சள் பூப்போட்ட கம்பளியைப் பார்த்துச் சற்று நேரம் நின்றார்.

"சார், இது உங்கள் வீடுதானே?"

"பொத்தானைக் கழற்றம்மா."

கழற்றினார். எண்ணைக் குறித்தார். கருவியில் ஏற்றினார். உதட்டைக் கடித்துக்கொண்டு, "உள்ளே சூடாகத்தான் இருந்திருக்கிறது சார். 512 யூனிட்" என்றார்.

போன ஆண்டு இதே இரண்டு மாதத்துக்கு 430. ஏறியது மட்டும் என்றால் வெயிலின் மேல் பழியைப் போட்டிருப்பேன். 500ஐத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறு படிக்கு மாறிவிடும் என்பது எனக்கா தெரியாது? ஊருக்கெல்லாம் அதை விளக்கியவன். 12 யூனிட்டில் மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பெண் தண்ணீர் கேட்டார். மனைவி எடுக்கப் போனபோது பின்னாலேயே சமையலறை வாசல் வரை வந்தவர், ஃப்ரிட்ஜைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வயதில் என் மகளைவிடச் சின்னவர். ஆனாலும் பார்வையில் ஒரு செயற்பொறியாளர் தெரிந்தார்.

எங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பழைய மாடல்களில் இருக்கும் கருப்புக் கம்பிவலை கிடையாது. உள்ளேயிருந்து இழுத்த சூட்டை வெளியே விடும் குழாய், இரு பக்கத் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அதனால்தான் பக்கவாட்டில் கை வைத்தால் சுடும். அங்கே கம்பளியைப் போர்த்தினால் சூடு வெளியேற வழியில்லை. கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். ஓயாமல் ஓடியது. இரவில் அந்த உறுமலைக் கேட்டு, "பாவம், நன்றாகத் தூங்குகிறது" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"நான் எதுவும் சொல்லவில்லை சார்" என்றார் அந்தப் பெண். தண்ணீரைக் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, தன் பெண்குழந்தைக்கு ஒரு தொப்பி பின்னித் தர முடியுமா என்று கேட்டார். கொடைக்கானல் போகிறார்களாம். இந்த வீட்டில் பின்னியவற்றில் வெளியே ஒரு தேவை ஏற்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்த 82 யூனிட்டில் ஃப்ரிட்ஜின் பங்கு எவ்வளவு, ஏ.சி.யின் பங்கு எவ்வளவு என்று அன்று மாலை தாள் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஏ.சி.தான் பெரும்பங்கு என்று எண்களோடு நிறுவினேன். "ஏ.சி. போட வைத்தது எது?" என்று கேட்டார் மனைவி. தாளை மடித்துவிட்டேன்.

இப்போது பிரிக்கும் படலம் நடக்கிறது. பின்னலில் ஒரு வசதி, எதையும் வீணாக்க வேண்டியதில்லை. முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் பழையபடி நூல். நான் திண்ணையில் இரண்டு கைகளையும் விலங்கு பூட்டியதுபோல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஃப்ரிட்ஜின் ஸ்வெட்டரைப் பிரித்த நூல் என் கைகளில் சுற்றியிருக்கிறது. எதிரே முக்காலியில் அமர்ந்து மனைவி அதை உருண்டையாக்குகிறார். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட முடியாது. மணிக்கட்டு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரமாக நீட்டியபடி இருந்தும் வலிக்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "பந்து மாதிரி அமுக்குங்கள்" என்றார்.

வாசல் கம்பிக்கதவுக்கு வெளியே கிடா வந்து நிற்கிறது. நூல் நீலம். நெடுநேரம் யோசித்துவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தது.