துட்டி கேட்கப் போன வீடு

"பாட்டா போயிட்டாவ சிஸ்டர்" என்று பேரன் போனில் சொன்னான். "சரி" என்றேன். பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கட்டு மாற்றப் போனேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். வெற்றிலையும் புகையிலையும் அடக்கிவைத்த கன்னத்தில் புற்று. ஏழு மாதம் என் கையால் புண் கழுவியிருக்கிறேன். பேச்சு போன பிறகும், நான் கட்டை அவிழ்க்கும் முன் சிலேட்டில் "சாயா குடிச்சியா?" என்று எழுதிக் காட்டுவார். அப்படிப்பட்டவர் இறந்த செய்தி கேட்டும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. ராத்திரி படுத்த பிறகு அதை நினைத்துத்தான் பயந்தேன். அதற்கு முந்தைய வாரம் காய்ச்சலில் கிடந்த என் மகளிடம், "இதெல்லாம் ஒரு வலியா?" என்று கேட்டிருந்தேன்.

கருணைச் சோர்வு என்கிறார்கள். 1992இல் கார்லா ஜாய்ன்சன் என்பவர், எங்களைப் போன்ற செவிலியர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வேலைக் களைப்பு என்றால் நாலு நாள் லீவில் கொஞ்சம் தணியும். அடுத்தவர் வலியைத் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிற மனசு கதவைச் சாத்திக்கொண்டால், லீவு முடிந்து வந்தாலும் அது சாத்தியேதான் கிடக்கிறது.

எங்கள் குமரி மாவட்டம் சின்னது. விடியுமுன் பஸ் ஏறித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள், கடைசியில் வலிக்கு மருந்து கேட்டு எங்கள் வலிதணிப்பு வார்டுக்கு வருவார்கள். அவர்களையே சந்தையிலும் கோயில் கொடையிலும் பார்ப்போம். யாரும் வெறும் படுக்கை எண் ஆவதில்லை. ஆனால் ஒருவர் இறந்தால், மதியத்துக்குள் விரிப்பை மாற்றி அடுத்தவரைப் படுக்கவைத்துவிடுகிறோம். அழ நேரமில்லை. எங்களைக் கல்லாக்குவது அதுதான் என்று நம்புகிறேன்.

எட்டாம் நாள், மிச்சமிருந்த மார்ஃபின் வலி மாத்திரைகளைத் திரும்ப வாங்கத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டி ஒரு நோட்டையும் சேர்த்துக் கொடுத்தார். நாலு மணிக்கொரு தடவை கொடுக்க வேண்டிய மருந்து. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்துக்கு இரட்டை மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பேரன் டிக் போட்டிருந்தான். ஒருவேளைகூடத் தப்பவில்லை. கடைசிப் பக்கத்தில் ராத்திரி பத்து வரை டிக் இருந்தது.

"பொடிச்சு டியூப்புல விட்டேன் மக்களே. நல்லா உறங்கினாவ. வலி இல்லாமத்தான் போனாவ" என்றார் பாட்டி.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். துட்டி கேட்டு ஆறுதல் சொல்லப் போக வேண்டியவள் நான். ஆனாலும் வெட்கமாக இல்லை. நான் செய்த வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இறந்தவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் வலிதணிப்புச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். எங்கள் டூட்டி அட்டவணையில் அதற்கு இடமில்லை. மாதம் ஒரு மதியம் போதும் என்று மேலே கேட்டேன். "வார்டை யார் பார்ப்பது?" என்றார்கள். நியாயமான கேள்விதான், ஆள் குறைவு. ஆனால் இப்படியே போனால் இருக்கிற ஆட்களும் நிலைக்க மாட்டார்கள். சென்ற மாதம் மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஆஃப். திங்கள்சந்தையில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும்.