நான்கு முறை துள்ளிய பந்து

2019 மே 12 அன்று, வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், பிலடெல்பியாவுக்கு எதிரான நாக்-அவுட் தொடரின் ஏழாவது, முடிவான ஆட்டத்தின் கடைசி நொடியில் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை துள்ளிவிட்டு உள்ளே விழ, டொராண்டோ ராப்டர்ஸ் 92-90 என்று வென்றது. அந்தப் பருவத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்தக் காட்சியில்தான் தொடங்குகிறார்கள். என் பார்வையில், ராப்டர்ஸ் அந்த ஆண்டு வென்ற கோப்பைக்கான வித்து அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே விழுந்துவிட்டது. ரசிகர்கள் தம் பிள்ளையாகவே கருதிய டெமார் டெரோசனைக் கொடுத்துவிட்டு, முந்தைய பருவத்தில் காயத்தால் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்த, ஓராண்டில் விலகிச் செல்லும் உரிமையும் பெற்றிருந்த லெனர்டை அணித்தலைமை நிர்வாகி மசாய் உஜிரி துணிந்து வாங்கினார். பயிற்சியாளரும் மாற்றப்பட்டார். (டுவேன் கேசிக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது, பதவி பறிபோன பிறகு!)

லீக் சுற்றின் 82 ஆட்டங்களில் 58 வெற்றி. இறுதித் தொடருக்கு முந்தைய தொடரில் மில்வாக்கியிடம் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, அடுத்த நான்கையும் தொடர்ச்சியாக வென்றனர். இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணியின் டுராண்டும் தாம்சனும் காயமடைந்தது உண்மையே. அதற்காக இந்த வெற்றியைக் குறைத்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஜூன் 13 அன்று 114-110 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றிய ஆறாவது ஆட்டத்தில், டெரோசனின் நெருங்கிய நண்பரான ராப்டர்ஸ் வீரர் கைல் லவுரி 26 புள்ளிகள் எடுத்தார்.